டிராலி தொட்டில் அல்ல



இது நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் வகுப்பை விடாதவள் என்று என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள். இப்போது கையில் பிள்ளை இருந்தால் முதலில் பிள்ளையைப் பாருங்கள். பதிவு ஓடிப்போகாது.

இரண்டு மாதம் முன்பு நம் பச்சைமலைப் பள்ளிக் குழுவில் ஒரு மாணவன் படம் போட்டிருந்தான். திருப்பூரில் வேலை, நல்ல சம்பளம், ஒரு வயதுப் பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில் எடுத்த படம். டிராலிக்குள் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் கோழிக்கறிப் பாக்கெட், இன்னொரு பக்கம் பினாயில் பாட்டில், மடியில் பிஸ்கட். டிராலியின் கைப்பிடிக் கம்பியைக் குழந்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறது. "என் இளவரசி ஷாப்பிங்" என்று எழுதியிருந்தான். எல்லாரும் இதயம் போட்டார்கள். நானும் போட்டேன். போட்டதோடு நிற்காமல் "என் கண்ணே பட்டுடும் போலிருக்கு" என்றும் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து என் பேரனுக்கு நெற்றியில் மூன்று தையல்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மகளும் மருமகனும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். பேரனுக்கு இரண்டரை வயது. ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி டவுனுக்குப் போய், ஒரு பெரிய கடையில் மாதச் சாமான் வாங்கலாம் என்று கிளம்பினோம். கடையின் பெயர் வேண்டாம். இந்தக் கடை இல்லாவிட்டால் இன்னொரு கடை. ஞாயிறு சாயங்காலம், நல்ல கூட்டம். டிராலியில் பிள்ளை உட்காரும் இருக்கையில் பெல்ட்டைத் தேடினேன். அது அறுந்து போய் வெறும் வார் மட்டும் தொங்கியது. வேறு டிராலி எடுக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. பையனைச் சாமான் போடும் கூடைக்குள் நிற்க வைத்தோம். மகள் எண்ணெய் பாக்கெட்டில் தேதி பார்க்கத் திரும்பினாள். மருமகன் எடை போடும் இடத்தில் நின்றார். டிராலியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? நம் குழுவில் யாருக்கோ பிறந்தநாள். கைகூப்பும் படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மேல் தட்டில் மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒரு டப்பா. பையன் எட்டிப் பிடிக்கப் போனான். டிராலி நகர்ந்தது. பக்கத்தில், உடைந்த ஊறுகாய் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த கடைப் பெண் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். அவளுக்கு இருபது வயது இருக்கும். அவள் பிடித்ததால் தலை தரையில் அடிக்கவில்லை. தட்டின் தகர விளிம்பு மட்டும் நெற்றியோரம் கீறியது. ரத்தத்தைப் பார்த்து மகள் அலறினாள். மேற்பார்வையாளர் வந்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை, "பிள்ளைய அடக்கி வச்சுக்கக் கூடாதாம்மா?" இரண்டாவது வார்த்தை அந்தப் பெண்ணுக்கு: "துடைக்கச் சொன்ன இடத்தை விட்டுட்டு இங்க என்ன பண்றே?"

அன்று இரவு முகநூலில் நாலு வரி எழுதினேன். வந்த பதில்களில் மூன்று என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றும் வெவ்வேறு ஆட்கள் எழுதியவை. எல்லாரும் நம்மவர்கள்தான், யாரையும் பெயர் சொல்லி இழுக்க மாட்டேன்.

ஒன்று: "நாமெல்லாம் மண்ணுல புரண்டு வளர்ந்தவங்க டீச்சர். நமக்கு என்ன ஆயிடுச்சு?"

இரண்டு: "சின்னப் பிள்ளையைக் கடைக்கு ஏன் கூட்டிட்டுப் போறீங்க?"

மூன்று: "பிள்ளை சேட்டை பண்ணினா கடைக்காரன் என்ன செய்வான்?"

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஒரு தடவை போய் வருவோம்.

சோபனபுரத்தைத் தாண்டி வளைவு வளைவாக ஏறி பஸ் மேலே வந்து நின்றதும் நாம் சாமான் வாங்கின பெட்டிக்கடை ஞாபகம் இருக்கிறதா? முன்னால் ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர், இந்தப் பக்கம் நாம். மிட்டாய் பாட்டிலும் அந்தப் பக்கம், மண்ணெண்ணெய் டின்னும் அந்தப் பக்கம், பிளேடும் எலி மருந்தும் அந்தப் பக்கம். நாம் சொல்ல வேண்டும், அவர் எடுத்துத் தர வேண்டும். துறையூர் மளிகைக் கடையும் அப்படித்தான், திருச்சி பெரிய கடை வீதியும் அப்படித்தான் இருந்தது. பிள்ளை அம்மா இடுப்பில் இருந்தது, இல்லாவிட்டால் அப்பா தோளில். பிள்ளைக்கும் சாமானுக்கும் நடுவில் எப்போதும் ஒரு பலகை இருந்தது.

அந்தப் பலகையை எடுத்தவர்கள் அமெரிக்கர்கள். 1916-இல் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாங்குபவரே உள்ளே போய் எடுத்துக்கொள்ளும் கடையைத் திறந்தார். கடைப் பையன்களின் சம்பளம் மிச்சம். கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று பார்த்து, 1937-இல் ஓக்லஹோமா நகரத்தில் சில்வன் கோல்ட்மேன் சக்கரம் வைத்த கூடையைக் கொண்டுவந்தார். டிராலி பிறந்த கதை இதுதான். கை வலிக்காமல் நிறைய வாங்க வைப்பதற்காக வந்த சாமான் வண்டி. பிள்ளை இருக்கை பின்னால் ஒட்டப்பட்டது.

பலகை போனது தப்பு என்று நான் சொல்லவில்லை. எடுத்துப் பார்த்து, தேதி பார்த்து, விலை பார்த்து வாங்குவது நல்லதுதான். ஆனால் அந்தப் பலகை ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. ஆபத்தான பொருளைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வைத்திருந்தது. பிள்ளையின் எச்சில் கையை அடுத்தவர் அரிசியில் படாமல் வைத்திருந்தது. பலகையை எடுத்த கடைக்காரர் லாபத்தை எடுத்துக்கொண்டார். நாம் வசதியை எடுத்துக்கொண்டோம். பலகை செய்த காவல் வேலையை யாருமே எடுத்துக்கொள்ளவில்லை. என் வழக்கு இவ்வளவுதான். இனி பதில்கள்.

முதல் பதில். மண்ணில் புரண்டவர்களுக்கு என்ன ஆயிற்று?

எனக்கு ஒரு தம்பி இருந்தான். பதினோரு மாதம். எனக்கு அப்போது ஏழு வயது, வீடு துறையூரில். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. "தண்ணி குடுக்காதே, குடுத்தா இன்னும் போகும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மாவும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவன் இல்லை. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீர் உயிரைக் காக்கும் என்று 1971-இல் வங்க அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துக் காட்டினார். என் தம்பிக்கு அது பிந்திப்போன செய்தி.

அதே 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020 கணக்கில் அது 28. "நமக்கு என்ன ஆயிடுச்சு" என்று கேட்க வருகிறவர்கள் எல்லாரும் பிழைத்தவர்கள். பிழைக்காதவர்கள் பின்னூட்டம் போடுவதில்லை. என் தம்பி போடமாட்டான்.

மண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பச்சைமலையில் மரவள்ளிக் காட்டு மண்ணில் நீங்கள் விளையாடியதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. இன்றும் பிள்ளைகளை மண்ணில் விடுங்கள் என்றுதான் சொல்வேன். வெயில் படுகிற மண் வேறு. ஒரே நாளில் நூறு பேர் கை வைத்த டிராலிக் கம்பி வேறு. தும்மின கை, மூக்குத் துடைத்த கை, கோழிப் பாக்கெட்டை எடுத்த கை, டயப்பர் மாற்றின கை என்று எல்லாக் கையும் அந்தக் கம்பியில்தான். இருக்கையில் உட்கார்ந்த பிள்ளையின் வாய்க்கு நேராக இருப்பதும் அதே கம்பிதான். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்துக்காரர்கள் கடை டிராலிகளைத் துடைத்துச் சோதித்தபோது மலத்தோடு சம்பந்தப்பட்ட கிருமிகள் பெரும்பாலானவற்றில் இருந்தன.

கோழிப் பாக்கெட்டுக்கு வருவோம். பச்சைக் கோழிக்கறியில் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்று இரண்டு கிருமிகள் இருக்கக்கூடும். பெரியவர்களுக்கு இரண்டு நாள் வயிறு கலங்கும். கைக்குழந்தைக்கு ரத்தத்தோடு போகும், நீர் வற்றும். இந்த நோய்கள் கைக்குழந்தைகளுக்கு எப்படி வருகின்றன என்று அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள் பல காரணங்களைக் கண்டார்கள். அதில் ஒன்று, டிராலியில் பச்சை இறைச்சிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது. திருப்பூர்த் தம்பி, உன் படத்தில் இருந்ததும் அதுதான். உன்னைக் குறை சொல்லவில்லை. அதற்கு இதயம் போட்டவள் நான். வைக்கும்போது பாக்கெட் காய்ந்துதான் இருக்கும். ஐஸ் உருக உருக ஓரத்தில் கசியும். குழந்தை அதைத் தொட்ட கையால் பிஸ்கட்டைத் தின்னும். முட்டை அட்டையும் அப்படித்தான், ஓட்டில் அழுக்கு இருக்கும்.

சுத்தம் என்றால் நம் பிள்ளைக்கு எதுவும் ஒட்டாமல் பார்ப்பது மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். நம் பிள்ளையால் அடுத்தவருக்கு ஒட்டாமல் பார்ப்பதும் சுத்தம்தான். என் பேரன் செருப்புக் காலோடு நின்ற கூடையில்தான் அடுத்தவர் கொத்தமல்லிக் கட்டை வைத்திருப்பார். திறந்து வைத்த துவரம்பருப்புத் தொட்டியில் பிள்ளை முழங்கை வரை கையை விட்டு அளைவதைப் பார்த்துச் சிரித்து வீடியோ எடுக்கிறோம். அந்தப் பருப்பை வாங்கப்போகிறவர் யார்? கை, கால், வாயில் கொப்புளம் வருகிற நோய், 2022-இல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பேசப்பட்டதே, அந்த வகை, ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு எச்சிலிலும் கையிலும்தான் பரவுகிறது. காய்ச்சலில் இருக்கும் பிள்ளையை "வீட்ல அழுவுறான், சும்மா ஒரு ரவுண்டு" என்று கடைக்குக் கூட்டிப்போவது அடுத்த வீட்டுக் குழந்தைக்குச் செய்கிற துரோகம். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

இரண்டாவது பதில். சின்னப் பிள்ளையை ஏன் கூட்டிப் போகிறீர்கள்?

பின்னே யாரிடம் விட்டுப் போவது? இதை எழுதியவர் வயதில் மூத்தவர், என் உறவினர். அவர் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தபோது வீட்டில் பாட்டி, அத்தை, சித்தி என்று ஆறு பெண்கள். இன்றைக்கு ஒரகடத்திலும் திருப்பூரிலும் ஒற்றை அறையில் இருக்கும் என் மாணவிகளுக்கு யார் இருக்கிறார்கள்? அவர்களிடம் "பிள்ளையைக் கூட்டிட்டு வராதே" என்று சொன்னால், "நீ வெளியே வராதே" என்று அர்த்தம். பச்சைமலையிலிருந்து படித்து வெளியே போன பெண்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்று. கடை நல்ல பள்ளிக்கூடம். எடை, விலை, மீதிச் சில்லறை, வரிசையில் நிற்பது, கேட்டு வாங்குவது எல்லாம் அங்கே பிள்ளை கற்கும். மூன்றாம் வகுப்புக் கணக்கை உங்களுக்குச் சாமைப் படியையும் முந்திரிக் கொட்டை விலையையும் வைத்துத்தானே சொல்லிக்கொடுத்தேன்? பிள்ளையைக் கூட்டிப் போங்கள். ஆனால் எந்த மனதோடு போகிறோம் என்பதைப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் கோயில் கூட்டத்தில் பிள்ளையின் மணிக்கட்டை எப்படி இறுக்கிப் பிடிப்போம்? அங்கே யாராவது கைபேசியைப் பார்ப்போமா? அதே பிள்ளையை, ஏசியும் பாட்டும் இருக்கிற கடைக்குள் நுழைந்ததும் கையை விட்டுவிடுகிறோம். குளிர்ச்சியாக இருந்தால் பத்திரமாக இருக்கும் என்று நம் மனதில் யார் எழுதினார்கள்?

மூன்றாவது பதில். பிள்ளை சேட்டை.

இதற்குத்தான் எனக்குக் கோபம் அதிகம். முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவள் சொல்கிறேன். இரண்டரை வயதுப் பிள்ளை கலர் டப்பாவை எட்டிப் பிடிப்பது சேட்டை இல்லை, வளர்ச்சி. அந்த டப்பாவை அந்த உயரத்தில், அந்த நிறத்தில் வைத்ததே பிள்ளை எட்டிப் பிடிக்கத்தான். பில் போடும் இடத்தில் சாக்லேட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வைத்தது யாருக்காக? என் கைக்கா? குனிந்தால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். விற்பதற்குப் பிள்ளையின் உயரத்தை அளந்து பார்த்த கடைக்காரருக்கு, காப்பதற்கு அளக்கத் தெரியாதா?

2023 அக்டோபரில் தெலங்கானாவில் நிஜாமாபாத் மாவட்டம் நந்திப்பேட்டையில் நடந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நாலு வயதுப் பெண் குழந்தை, அப்பாவோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனது. அப்பா ஒரு குளிர்பெட்டியில் ஏதோ எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை பக்கத்துக் குளிர்பெட்டியின் கதவைப் பிடித்தது. மின்சாரம் பாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அப்பா திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அந்தக் குழந்தை என்ன சேட்டை செய்தது? கதவைத் திறந்தது. கடையில் கதவு எதற்கு இருக்கிறது?

சரியாக எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வேலை செய்கிற நிலையில் இருந்தால், குளிர்பெட்டியின் தகரத்துக்கு மின்சாரம் கசிந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் இணைப்பு போய்விடும். அந்தக் கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க எலக்ட்ரீஷியன்கூட வேண்டாம். இதைச் செய்ய வேண்டியது நாலு வயதுக் குழந்தையா?

விழுவதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1990 முதல் 2011 வரை டிராலியால் அடிபட்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். வருடத்துக்குச் சராசரி 24,000. பத்தில் ஏழு பேர் டிராலியிலிருந்து விழுந்தவர்கள். அதிகம் அடிபட்ட இடம் தலை. காரணம் எளிது. சின்னப் பிள்ளைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிது, கனம் மேலே இருக்கும். எட்டிப் பார்த்தால் தலைதான் முதலில் போகும். கீழே இருப்பது டைல்ஸ் தரை. இவ்வளவு கணக்கு எடுத்து வைத்திருக்கும் நாட்டிலேயே இத்தனை அடி. நம் ஊரில் இந்தக் கணக்கைத் தனியாக யார் எடுக்கிறார்கள்? என் பேரனின் மூன்று தையல் எந்த நோட்டிலும் ஏறவில்லை. கணக்கில் ஏறாதது நடக்காதது மாதிரி ஆகிவிடுகிறது. பிறகு "சேட்டை" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறோம்.

திருச்சிக்காரர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத் தீ. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மாடியில் கீற்றுப் பந்தல், இறங்குவதற்குக் குறுகலான படி. அதே வருடம் ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் 94 பிஞ்சுகள். இரண்டையும் கேட்டு அழுத நாம்தான், இன்று மாடிக் கடைகளில் அவசர வழிப் படிக்கட்டில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருப்பதைத் தாண்டிப் போய்த் தள்ளுபடித் துணி பார்க்கிறோம். யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

என் மேல் தப்பு இல்லை என்று இதையெல்லாம் எழுதவில்லை. டிராலியைப் பிடித்திருந்தவள் நான். கைபேசியைப் பார்த்தவள் நான். அறுந்த பெல்ட்டைப் பார்த்தும் அதே டிராலியை எடுத்தவள் நான். அந்த மேற்பார்வையாளர் சொன்னதில் பாதி நியாயம். அந்தப் பாதியை நான் ஏற்கிறேன். மீதிப் பாதியைக் கடை ஏற்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். இருவரும் ஏற்காத மீதி, பிள்ளையின் நெற்றியில் விழுகிறது.

கடைகளிடம் நான் கேட்பது பெரிய செலவு எதுவும் இல்லை.

பெல்ட் அறுந்த டிராலியையும் சக்கரம் இழுக்கும் டிராலியையும் வெளியே விடாதீர்கள். நுழையும் இடத்தில் ஒருவர் கைப்பிடிகளைச் சோப்புக் கரைசலில் துடைக்கட்டும். கொரோனா காலத்தில் செய்தீர்களே, கை ஒடிந்தா போயிற்று? வாடிக்கையாளருக்குக் கை கழுவ ஒரு குழாயும் சோப்பும் வையுங்கள். ஆசிட், பினாயில், எலி மருந்து எல்லாம் மேல் தட்டுக்குப் போகட்டும். கண்ணாடி பாட்டில் கீழ்த் தட்டில் வேண்டாம். குளிர்பெட்டிகளின் எர்த்தைச் சோதித்து, தேதியைப் பெட்டியிலேயே ஒட்டுங்கள். படிக்கட்டை விட்டு அட்டைப் பெட்டியை எடுங்கள். வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார நாற்காலி போடுங்கள். 2021-இல் தமிழ்நாட்டில் அதற்குச் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. பத்து மணி நேரம் நின்று கால் வீங்கியவள்தான் என் பேரனைப் பிடித்தாள். அவளைத் திட்டாதீர்கள், பாராட்டுங்கள்.

நமக்கு, அதாவது அப்பா அம்மாக்களுக்கும் என்னைப் போன்ற பாட்டிகளுக்கும், வீட்டுப்பாடம்:

1. போகும் முன் பட்டியல் எழுதுங்கள். பிள்ளை சாப்பிட்டு, தூங்கி எழுந்த நேரத்தில், கூட்டம் குறைவான காலையில் போங்கள். பசியும் தூக்கமும் உள்ள பிள்ளைதான் எட்டிப் பிடிக்கும், அழும், ஓடும்.

2. இரண்டு பேர் போனால் ஒருவருக்குப் பிள்ளை மட்டும்தான் வேலை. "நீ பாத்துக்கோ" என்று வாயால் சொல்லி ஒப்படையுங்கள். எல்லாரும் பார்க்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்த ஒருவரின் கைபேசி பையில் இருக்கட்டும்.

3. கூடைக்குள் பிள்ளையை நிற்க வைக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், ஓரத்தில் தொற்றவும் விடாதீர்கள். இருக்கையில் பெல்ட் இருந்தால் மட்டும் இருக்கை. இல்லாவிட்டால் இடுப்பு, அல்லது கையைப் பிடித்து நடை. தானாக உட்காரத் தெரியாத கைக்குழந்தைக்கு டிராலியே வேண்டாம்.

4. கைப்பிடியைத் துடைக்க வீட்டிலிருந்து ஈரத்துணி கொண்டுபோங்கள். கறியையும் முட்டையையும் கடைசியில் எடுத்து, தனிப் பையில் கட்டி, பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள்.

5. கடைக்குள் பிள்ளைக்குத் தின்னக் கொடுக்காதீர்கள். கை கழுவவில்லை என்பது ஒரு காரணம். வேர்க்கடலை, முழுத் திராட்சை மாதிரி உருண்டையானது அழும்போதும் ஓடும்போதும் மூச்சுக்குழாயில் போய்விடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். அழுகையை அடக்கப் பொட்டுக்கடலை கொடுப்பது எங்கள் காலத்துப் பழக்கம். அதை விட்டுவிடுங்கள்.

6. பில் போடும் இடத்தில் விற்கும் சின்ன பொம்மைகளில் பொத்தான் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கும். சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரி. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

7. உள்ளே போகும் முன் பிள்ளையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் என்ன நிறச் சட்டை என்று பதற வேண்டாம். மூன்று வயதுக்கு மேல் உங்கள் எண்ணைப் பாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 108 ஆம்புலன்ஸ்.

8. தலையில் அடிபட்டால் ரத்தம் வராவிட்டாலும் ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், நடை தள்ளாட்டம் எது வந்தாலும் உடனே டாக்டர்.

9. வீட்டுக்கு வந்ததும் முதலில் கை. சோப்புப் போட்டு இருபது நொடி. அழுக்கும் எண்ணெயும் உள்ள கைக்குச் சானிடைசர் போதாது. பிறகுதான் பை பிரிப்பது.

10. கண்ணில் பட்ட குறையைக் கடையில் சொல்லுங்கள். கேட்கவில்லையா, உணவு சம்பந்தப்பட்டது என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்புங்கள். "நமக்கென்ன" என்று வராதீர்கள். அடுத்து அந்த டிராலியில் ஏறுவது இன்னொரு வீட்டுப் பிள்ளை.

இவ்வளவுக்கும் காசு எவ்வளவு ஆகும்? ஒரு துணி, ஒரு பை, கொஞ்சம் கவனம்.

பேரனின் தையல் பிரித்தாகிவிட்டது. வடு இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையனுக்கு அது ஞாபகமே இல்லை. "அம்மாச்சி, மறுபடி கடைக்குப் போலாமா" என்று கேட்கிறான். போன வாரம் போனோம். அவன் என் கையைப் பிடித்து நடந்தான். நான் பட்டியலைச் சொல்லச் சொல்ல, பிஸ்கட்டையும் சோப்பையும் அவனே எடுத்துக் கூடையில் போட்டான். கைபேசி பையில் இருந்தது. அரை மணி நேரத்தில் முடிய வேண்டியது ஒரு மணி நேரம் ஆனது. ஆகட்டும்.

அந்தக் கடைப் பெண்ணைத் தேடினேன். வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். அவள் பெயரைக்கூட அன்று நான் கேட்கவில்லை. இதை அவள் படித்தால், பாப்பா, உனக்கு நான் ஒரு நன்றி பாக்கி வைத்திருக்கிறேன்.

டிராலியில் பிள்ளை நிற்கும் படத்துக்கு இனி நான் இதயம் போட மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகும் படம் போடுங்கள், பத்து இதயம் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ஸ்ரீரங்கம்